வானதூதர் மறுபடியும் வந்தார்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)
வாசகம்: 1 அரசர் 19:4-8



பொதுக்காலம் 19ஆம் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டு வாசக வரிசையில், அரசர்கள் முதல் நூலிலிருந்து ஐந்தே ஐந்து வசனங்கள் முதல் வாசகமாக நமக்குத் தரப்படுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்த வாசகத்தை வாசித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மனம் சோர்ந்துபோன ஒருவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதி திருவிவிலியத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இறைவாக்கினர் எலியா சாதாரண மனிதர் அல்லர். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிராகத் தனி ஆளாக நின்று வென்றவர். ஆனால் அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே, அரசி ஈசபேல் விடுத்த ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபா வரை வந்ததும், உடன் வந்த பணியாளரை அங்கேயே விட்டுவிடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுவதும் தனியே நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, 'போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்ற பொருளில் மன்றாடிவிட்டுப் படுத்து உறங்கிவிடுகிறார்.

நேற்று வரை ஊரே அண்ணாந்து பார்த்த மனிதர் இன்று சாக விரும்புகிறார். நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வராது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

கடவுள் என்ன செய்தார்? 'நேற்று அவ்வளவு பெரிய அற்புதத்தைக் கண்டாயே, உன் விசுவாசம் எங்கே போயிற்று?' என்று கேட்கவில்லை. வானதூதர் ஒருவரை அனுப்பினார். அந்த வானதூதர் அவரைத் தொட்டு எழுப்பினார். சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. அவ்வளவுதான். அதற்கு மேல் எந்தப் போதனையும் இல்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். எலியா சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். முதல் உதவி கிடைத்த உடனே அவர் துள்ளி எழுந்துவிடவில்லை. நம்மில் பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். "நானும் போய்ப் பார்த்தேன் ஃபாதர், சாப்பாடுகூட எடுத்துக்கிட்டுப் போனேன், அவங்க முகம் கொடுத்துப் பேசலை" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதோடு அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறோம்.

வானதூதர் நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் வந்தார். மறுபடியும் தொட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். இந்த முறை இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: நீ போக வேண்டிய வழி உன் சக்திக்கு மீறியது என்று எலியாவின் பாரத்தை ஒத்துக்கொண்டார். இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் எலியா எழுந்தார்; 40 நாள் இரவும் பகலும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது இது ஒன்றைத்தான்: நாம் செய்யும் உதவி சிறியதாக இருக்கலாம், அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் அது ஒருமுறையோடு நின்றுவிடக் கூடாது.

ஒரு கோப்பைத் தேநீர்

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் திருப்பணியாளர், தன் உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை பருவம் அடைந்திருந்தாள். அது என்னவென்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று அஞ்சியே அவள் அந்த முடிவுக்குப் போனாள். காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் சாட் வாராவை விடவே இல்லை.

1953 நவம்பரில் அவர் லண்டனில் தன் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, வாழ்வை வெறுத்தவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். அழைப்புகள் வந்தன, நேரிலும் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டம் அதிகமானதால் காத்திருப்பவர்களைக் கவனிக்கத் தன்னார்வலர்கள் சிலர் முன்வந்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், எந்தப் பயிற்சியும் பெற்றவர்கள் அல்லர். வந்தவருக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசினால் கேட்பார்கள்.

சில மாதங்களில் சாட் வாரா ஒன்றைக் கவனித்தார். வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிய பலர், உள்ளே வந்து தன்னைப் பார்க்காமலேயே மனம் தேறி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை அன்று, தோழமை. 1954இல் அவர் அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்ற பெயரில் அது வளர்ந்தது. நல்ல சமாரியர் என்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில்

அதே வழியில் நம் சென்னையில் 1986இல் தொடங்கப்பட்டது 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையம். தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. சாந்தோமிலிருந்தும் லஸ்ஸிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் கூப்பிடு தூரம்தான். அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அழைப்பவரை அவர்கள் குறை கூறுவதில்லை, தீர்ப்பிடுவதில்லை. கேட்பதுதான் அவர்களுடைய பணி.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நம் கடற்கரைப் பங்குகள் மறக்க முடியாது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிச் சென்று பேசப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அனுப்பப்பட்டார்கள். இழந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் அப்படிப்பட்ட சந்திப்புகள் அந்த மக்களின் மனவேதனையைத் தணிக்க உதவின என்பதை லட்சுமி விஜயகுமாரும் அவருடைய உடன்பணியாளரும் 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஒன்பது முறை விசாரித்தார்கள்

அதே 2008ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. சென்னை, கொழும்பு, பிரேசிலில் ஒரு நகரம், ஈரானில் ஒன்று, சீனாவில் ஒன்று என ஐந்து இடங்களில் நடந்த ஆய்வு அது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுக் காப்பாற்றப்பட்ட 1867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை கொடுத்து அனுப்பினார்கள். மறுபாதிப் பேரிடம், வீட்டுக்குப் போகும் முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரிலோ அவர்களைத் தொடர்புகொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். தேவைப்பட்டால் உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டினார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடக்கத்தில் அடுத்தடுத்தும், பிறகு மாதக் கணக்கில் இடைவெளி விட்டும் இது நடந்தது.

18 மாதங்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அப்படி இறந்தவர்கள் 2 பேர்.

அன்பார்ந்தவர்களே, இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் தங்களை நினைவில் வைத்திருக்கிறார், மறுபடியும் தேடி வருவார் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு முன்பே அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் இதைவிட எளிய ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். மனச்சோர்வினாலோ தற்கொலை எண்ணத்தினாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, வெளியே வந்தபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் அனுப்பினார். 'நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுத விரும்பினால் மகிழ்ச்சி' என்ற அளவில்தான் அவற்றில் செய்தி இருக்கும். 'மருத்துவமனைக்கு வாருங்கள், மருந்து சாப்பிடுங்கள்' என்ற வற்புறுத்தல் ஒன்றும் இருக்காது. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைச் சாவுகள் தெளிவாகவே குறைவாக இருந்தன.

நாம் ஏன் தயங்குகிறோம்?

இவ்வளவு எளிதான ஒன்றை நாம் ஏன் செய்வதில்லை? நம்மில் பெரும்பாலோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். 'இது போய் ஒரு உதவியா?' என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது.

சிகாகோ நகரப் பூங்கா ஒன்றில் குளிர்காலத்தில் ஒரு சோதனை நடந்தது. 2022இல் அதன் முடிவு வெளியாயிற்று. அங்கே வந்தவர்களிடம் ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானத்தைத் தந்து, முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்குபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கொடுத்தவர்களைக் கேட்டார்கள். வாங்கியவர்களிடமும் கேட்டார்கள். கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட வாங்கியவர்கள் அதிகமாகவே மகிழ்ந்திருந்தார்கள். காரணம் எளிது. கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரிவது ஒரு கோப்பைப் பானம். வாங்குபவருக்குத் தெரிவதோ 'என்னையும் ஒருவர் நினைத்தாரே' என்பது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

சீடர் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுப்பவரும் கைம்மாறு பெறாமல் போகமாட்டார் என்று ஆண்டவர் வாக்களித்தார் (மத்தேயு 10:42). மே மாதத்தில் பாண்டி பஜார் வெயிலில் நின்றவர்களுக்கு அந்தக் கிண்ணத்தின் அருமை தெரியும். கொடுப்பவருக்கு அது தண்ணீர்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் எழுதிய, உடன்பிறந்த உணர்வு பற்றிய திருமடலில் கனிவுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் சொல்லும் தூய ஆவியின் கனிகளில் அதுவும் ஒன்று என்பதை நினைவூட்டினார். தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும் என்ற சொற்களுக்குக்கூட நேரமில்லாமல் நாம் ஓடுகிறோம் என்று வருந்தினார். கனிவு என்பது ஒப்புக்குக் காட்டும் மரியாதை அல்ல என்பதே அவர் சொன்னதன் சாரம்.

'போயிட்டு வரேன்'

நம் தமிழில் ஓர் அழகான வழக்கம் உண்டு. விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம். சிறு பிள்ளை அப்படிச் சொன்னால்கூடப் பெரியவர்கள், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். மறுபடியும் வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நாம் ஒருவர் வீட்டுப் படியை விட்டு இறங்குகிறோம்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டோம். இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவோம். அது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பல நேரங்களில் உண்மையிலேயே நாம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. அடக்கத்தன்று தெரு நிறையக் கூட்டம் இருக்கும். முப்பதாம் நாள் திருப்பலி வரை உறவினர் நடமாட்டம் இருக்கும். முப்பத்தோராம் நாள் அந்த வீட்டில் இருப்பது சுவரில் மாட்டிய படமும், அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவரும்தான்.

தற்கொலையால் ஒருவரை இழந்த வீடாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். என்ன பேசுவதென்று தெரியாமல் முப்பது நாள் வரைகூட யாரும் காத்திருப்பதில்லை. சிலர், 'அவருக்குப் பூசை வைக்கலாமா?' என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்கிறார்கள். திருச்சபையின் மறைக்கல்வி இதில் தெளிவாக இருக்கிறது. கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன. அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது (எண் 2282, 2283). ஆகவே வைக்கலாம். வைத்தால் மட்டும் போதாது. நாமும் அந்தத் திருப்பலிக்கு வர வேண்டும், அந்த வீட்டுக்கும் போக வேண்டும். பேச ஒன்றும் தேவையில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி நமக்கு நினைவிருக்கும் ஒரு நல்ல காரியத்தைச் சொன்னாலே போதும். அந்தப் பெயரை வேறு ஒருவர் வாயால் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

நாம் என்ன செய்யலாம்?

இந்த வாரம் ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், போதும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மந்தைவெளியிலோ பெசன்ட் நகரிலோ தனியாக வாழும் ஒரு முதியவராக இருக்கலாம். தேர்வில் மதிப்பெண் குறைந்து, அறையை விட்டு வெளியே வராத அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தி. நகர் விடுதியில் தங்கி வேலை தேடும் வெளியூர்ப் பெண்ணாக இருக்கலாம். உங்கள் அடுக்ககத்தின் இரவுக் காவலராக இருக்கலாம். அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா?

போகும்போது ஏதாவது எடுத்துப் போங்கள். டப்பாவில் கொஞ்சம் ரசம், நாலு இட்லி. கையில் ஒன்று இருந்தால் வாசலில் நிற்கும் கூச்சம் குறையும். 'சாப்பிட்டீங்களா?' என்று தொடங்குங்கள். வானதூதரும் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்கினார். அவர் பேசினால் கேளுங்கள். 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஆறுதல் அன்று. வாயை அடைக்கும் பேச்சு. 'உங்களுக்கு இது ரொம்ப பாரமாத்தான் இருக்கும்' என்று சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். அது ஐம்பது பேருக்குப் போகும் படம் என்று பெறுபவருக்குத் தெரியும். பெயர் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். கிளம்பும்போது, எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நம் அன்பியங்களும் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் வீடு சந்திப்பைத் தம் பணியாகவே கொண்டவை. ஒரு வீட்டை எத்தனை முறை சந்தித்தோம் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டால் நன்று.

மருத்துவரும் வேண்டும்

மனச்சோர்வு ஒரு நோயாக மாறும்போது நம் ரசமும் இட்லியும் மட்டும் போதாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பற்று இல்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'செபம் செய், மருந்து எதற்கு?' என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். செபமும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒருவர் பேச்சில் சந்தேகம் வந்தால், 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனத்தில் அடைத்து வைத்ததைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். சிநேகாவின் எண் 044-24640050. தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களிலும் உதவி கிடைக்கும். இந்த மடலை வாசிக்கும் உங்களுக்கே அது தேவைப்பட்டால், இன்றே அழையுங்கள். பங்குப் பணியகத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

நிறைவாக, நம் மயிலை மண்ணின் திருத்தூதர் தோமாவை நினைத்துக்கொள்வோம். உயிர்த்த ஆண்டவர் முதல் முறை வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. ஒரு வாரம் முழுவதும், மகிழ்ந்திருந்த பத்துப் பேர் நடுவில் அவர் ஒருவர் மட்டும் துக்கத்தோடு இருந்திருப்பார். எட்டு நாளுக்குப் பின் ஆண்டவர் மறுபடியும் வந்தார். வந்ததும் தோமாவைப் பார்த்துப் பேசினார், தம் காயங்களைத் தொடச் சொன்னார். விடுபட்டுப்போன அந்த ஒருவரை அவர் மறக்கவில்லை. அந்தத் தோமாவின் கல்லறை இருக்கும் ஊரில் வாழ்கிறோம் நாம். நம் தெருவிலும் விடுபட்டுப்போனவர் ஒருவர் இருப்பார்.

மன்றாடுவோம். எலியாவை இருமுறை தொட்டு எழுப்பிய இறைவா, சோர்ந்து கிடக்கும் எங்கள் சகோதர சகோதரிகளைத் தேடிப் போகும் கால்களை எங்களுக்குத் தாரும். முதல் முறை கதவு திறக்காவிட்டாலும் மறுபடியும் போய்த் தட்டும் பொறுமையைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.